யூலிக் ஆய்வு மையம்: அணு உலையிலிருந்து ஆக்சிஜன் சவ்வு வரை

1956ஆம் ஆண்டு நவம்பர் 14 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவானது. நான்கு வாரம் ஆவதற்குள், டிசம்பர் 11 அன்று, அன்றைய மேற்கு ஜெர்மனியின் வடக்கு ரைன்-வெஸ்ட்ஃபாலியா மாநிலச் சட்டமன்றம் அணு ஆராய்ச்சிக்கென ஒரு பெரிய நிலையம் அமைப்பதென்று தீர்மானித்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஆனால் இரண்டு இடத்திலும் மண்ணுக்கடியில் பழுப்பு நிலக்கரிதான். நெய்வேலியில் பக்கெட் வீல் எந்திரம் மண்ணை அரிந்து தள்ளுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த ஜெர்மன் நிலையம் அமைந்த யூலிக் நகரைச் சுற்றியுள்ள காட்சி புதிதாக இருக்காது. ஒரு பக்கம் ஹாம்பாக் சுரங்கம், இன்னொரு பக்கம் இண்டன் சுரங்கம். தோண்டிய மேல்மண்ணைக் கொட்டிக் கொட்டியே எழும்பிய சோஃபியன்ஹோய குன்று. சற்றுத் தள்ளி வைஸ்வைலர் அனல் மின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரங்கள்.

நம் கொதிகலன் துறையோடு தொடர்புள்ள ஒரு நிறுவனத்தின் வரலாற்றை எழுதித் தரும்படி நம் சங்கத்தின் மலர்க் குழுவினர் கேட்டார்கள். பாய்லர் செய்து புகழ்பெற்ற கம்பெனிகளைப் பற்றி நம்மிடையே நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். பாய்லருக்குள் போகும் காற்றையே மாற்ற முயன்ற ஓர் ஆய்வு நிலையத்தைப் பற்றி யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. 2026 டிசம்பரில் யூலிக் ஆய்வு மையம் எழுபது ஆண்டை நிறைவு செய்கிறது. எழுத இது நல்ல சமயம்.

சூடு தாங்கும் பொருள்களின் வீடு

யூலிக் பழைய நகரம். ரோமானியர் காலத்திலிருந்தே ஆள் நடமாட்டம் உள்ள இடம். இரண்டாம் உலகப் போரில், 1944 நவம்பர் 16 அன்று விழுந்த குண்டுகளில் நகரம் ஏறத்தாழ முழுவதும் இடிந்து போனது. பின்னாளில் அந்த ஊருக்கு வெளியே, ஸ்டெட்டர்னிக் காட்டில், ஆய்வு நிலையத்துக்கு இடம் ஒதுக்கினார்கள். இதற்காக ஓயாமல் பாடுபட்டவர் மாநில அரசின் செயலர் லியோ பிராண்ட். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனக்கென்று ஒரு சிறிய உலை வைத்துக்கொள்வதைவிட, எல்லோரும் வந்து பயன்படுத்தும் பெரிய நிலையம் ஒன்று வேண்டும் என்பது அவர் வாதம். அந்த வாதத்தை நான் மிகவும் மதிக்கிறேன். பொதுவில் வைத்த கருவிதான் பிற்காலத்தில் பல துறைக்காரர்களை ஒரே கூரைக்கடியில் கொண்டுவந்து சேர்த்தது.

1962இல் மெர்லின், டிடோ என்ற இரண்டு ஆய்வு உலைகள் இயங்கத் தொடங்கின. பக்கத்திலேயே ருடால்ஃப் ஷூல்டன் வடிவமைத்த கூழாங்கல் படுகை உலை எழுந்தது. ஆறு சென்டிமீட்டர் விட்டமுள்ள கிராஃபைட் உருண்டைகளுக்குள் எரிபொருள் துகள்கள். உருண்டைகளின் இடுக்கில் ஹீலியம் ஓடி வெப்பத்தை எடுத்து வரும். 1967 முதல் 1988 வரை அது மின்சாரம் தந்தது. திறன் 15 மெகாவாட்தான். ஆனால் வெளியே வரும் ஹீலியத்தின் வெப்பத்தை 950 டிகிரி செல்சியஸ் வரை கொண்டுபோனார்கள். 1978இல் நீராவி உண்டாக்கும் குழாயில் கசிவு ஏற்பட்டு உலைக்குள் நீர் புகுந்ததும், மூடிய பிறகு அதைப் பிரித்து அகற்றப் பல ஆண்டுகள் பிடிப்பதும் அந்த வரலாற்றின் மறுபக்கம். அதை மறைத்து எழுதினால் வரலாறு ஆகாது.

நம் கதைக்கு முக்கியமானது அந்த 950 டிகிரி. அந்தச் சூட்டில் எஃகு மட்டும் போதாது. கிராஃபைட், சிலிக்கான் கார்பைடு, உயர்வெப்பச் செராமிக், உலோகத்தின் மேல் ஏற்றும் மெல்லிய பூச்சு என்று பல பொருள்களோடு இரண்டு தலைமுறை யூலிக்கில் பழகியது. அணு ஆய்வு நிலையம் என்ற பெயரை 1990இல் மாற்றி யூலிக் ஆய்வு மையம் என்று ஆக்கியபோது, அந்தப் பழக்கம் கைவிட்டுப் போகவில்லை. வாயு டர்பைன்களின் அலகுகளுக்கு வெப்பத் தடைப்பூச்சு, திட ஆக்சைடு எரிபொருள் மின்கலம் என்று வேறு பக்கம் திரும்பியது. 2007 ஆகஸ்டில் யூலிக்கில் ஓட்டத் தொடங்கிய ஒரு செராமிக் மின்கல அடுக்கு பத்து ஆண்டுக்கு மேல் சூடு ஆறாமல் ஓடியது. அதே 2007இல்தான் காந்த மின்தடை ஆய்வுக்காக யூலிக்கின் பீட்டர் குருன்பெர்க், ஆல்பர்ட் ஃபெர்ட்டோடு நோபல் பரிசு பெற்றார். செய்தித்தாள்கள் அந்தப் பரிசைப் பற்றி எழுதின. அதே ஆண்டில் மின் நிலையங்களுக்கான வாயுப் பிரிப்புச் சவ்வு பற்றிய கூட்டு ஆராய்ச்சி ஒன்றும் யூலிக்கில் தொடங்கியது. அதைப் பற்றி வெளியுலகம் அதிகம் பேசவில்லை.

ஆக்சிஜனுக்கு ஏன் இவ்வளவு பாடு?

நம் பாய்லர்களில் நிலக்கரியைக் காற்றில் எரிக்கிறோம். காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அது எரிவதற்கு உதவுவதில்லை. சூட்டை வாங்கிக்கொண்டு ஐ.டி. ஃபேன் வழியாகப் புகைபோக்கிக்குப் போகிறது. அதனால் வெளியேறும் புகையில் கரியமில வாயு நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து பங்குதான் இருக்கும். அந்தக் கொஞ்சத்தை மட்டும் தனியே பிடிக்க வேண்டுமென்றால் பெரும் செலவு. நைட்ரஜனை முதலிலேயே விலக்கி, ஆக்சிஜனில் எரித்தால் என்ன? அப்போது புகையில் மிஞ்சுவது பெரும்பாலும் கரியமில வாயுவும் நீராவியும். குளிர்வித்து நீரைப் பிரித்தால் கரியமில வாயு கையில் நிற்கும். அதை அழுத்தி நிலத்தடியில் தள்ளலாம். தனி ஆக்சிஜனில் எரித்தால் சுடர் அளவு மீறிச் சுடும் என்பதால், புகையில் ஒரு பகுதியைத் திருப்பி அடுப்புக்கே அனுப்புவார்கள். ஆக்ஸிஃபியூயல் என்று சொல்வது இதைத்தான்.

கோட்பாடு எளிது. ஆக்சிஜன் எங்கிருந்து வரும் என்பதுதான் கேள்வி. ஒரு 500 மெகாவாட் யூனிட்டை எடுத்துக்கொள்வோம். திறன் 38 சதவீதம், நல்ல நிலக்கரி என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்குச் சுமார் 9,500 டன் ஆக்சிஜன் வேண்டும். 2021இல் நம் மருத்துவமனைகளில் அமைத்த பி.எஸ்.ஏ. எந்திரங்களை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜியோலைட் மணிகளில் நைட்ரஜனை ஒட்டவைத்து, ஆக்சிஜனை வெளியே விடும் எந்திரம் அது. ஒரு மருத்துவமனைக்கு அது போதும். ஆயிரக்கணக்கான டன்னுக்கு அது சரிப்படாது.

பெரிய அளவுக்கு இன்றும் ஒரே வழி கார்ல் ஃபான் லிண்டே காட்டிய வழிதான். 1895இல் காற்றைத் திரவமாக்கினார். 1902இல் அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தார். எஃகு ஆலைகளில் பணிபுரிந்தவர்களுக்கு, இந்தப் பிரிப்பு நடக்கும் கோல்டு பாக்ஸ் தெரிந்திருக்கும். நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியிலும் ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரியிலும் கொதிக்கும். அந்தப் பதின்மூன்று டிகிரி இடைவெளியை வைத்துத்தான் இரண்டையும் பிரிக்கிறார்கள். நூறாண்டுக்கு மேல் செம்மைப்பட்ட தொழில்நுட்பம் அது. அப்படியிருந்தும் ஒரு டன் ஆக்சிஜனுக்கு ஏறத்தாழ 200 யூனிட் மின்சாரம் தின்கிறது. மேலே சொன்ன 9,500 டன்னுக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 80 மெகாவாட். அந்த மின்சாரம் முழுவதும் ஆக்ஸிலரி பவர். கரியமில வாயுவை அழுத்தும் செலவையும் சேர்த்தால் நிலையத்தின் திறன் எட்டு முதல் பத்து சதவீதப் புள்ளி வரை இறங்கும். 45 சதவீதத்தில் ஓடும் நவீன யூனிட் 36க்கு வந்து நிற்கும். திறனை அரைப் புள்ளி உயர்த்தவே படாதபாடு படும் நமக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று விளக்க வேண்டியதில்லை.

பாய்லரில் ஏற்கெனவே நெருப்பு இருக்கிறது. அதன் பக்கத்திலேயே காற்றை மைனஸ் 180க்குக் குளிர்விப்பது பொருத்தமில்லாத வேலை. சூட்டிலேயே ஆக்சிஜனைப் பிரிக்க முடியாதா? சவ்வு ஆராய்ச்சி இந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது.

துளையில்லாத சுவர் வழியே

சவ்வு என்றதும் நுண்துளை வழியே வடிகட்டுவது என்றுதான் தோன்றும். இது அப்படியல்ல. துளையே இல்லாத, வாயு புகமுடியாத, கெட்டியான செராமிக். பெரோவ்ஸ்கைட் படிக அமைப்பைச் சேர்ந்த சில ஆக்சைடுகளில், ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடங்கள் சில காலியாக இருக்கும். 800 டிகிரிக்கு மேல் சூடானதும் ஆக்சிஜன் அயனிகள் காலி இடம் விட்டுக் காலி இடமாகத் தாவும். ஒரு பக்கம் அழுத்தத்தில் சூடான காற்று, மறு பக்கம் ஆக்சிஜன் குறைவு. காற்றுப் பக்கத்தில் ஆக்சிஜன் மூலக்கூறு எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு அயனியாகி உள்ளே நுழையும்; மறு பக்கத்தில் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு மீண்டும் ஆக்சிஜனாக வெளியே வரும். எலக்ட்ரானும் அதே பொருளுக்குள்ளேயே திரும்பி ஓடிவிடுவதால் வெளியிலிருந்து மின்கம்பி எதுவும் தேவையில்லை. நைட்ரஜன் ஒரு துளிகூடப் போகாது. செராமிக்கில் வெடிப்பு இல்லாதவரை மறுபக்கம் வருவது சுத்த ஆக்சிஜன்.

இந்த இனப் பொருள்களில் ஆக்சிஜன் ஊடுருவுவதை ஜப்பானின் தெராவோகாவும் அவரது குழுவினரும் 1985இல் வெளியிட்டார்கள். 2000ஆம் ஆண்டில் சீனாவின் டாலியன் ஆய்வகத்திலிருந்து ஷாவோ சோங்பிங் குழு பேரியம், ஸ்ட்ரான்சியம், கோபால்ட், இரும்பு நான்கும் சேர்ந்த ஓர் ஆக்சைடைக் கொண்டுவந்தது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அதை பி.எஸ்.சி.எஃப். என்பார்கள். ஆக்சிஜனைக் கடத்துவதில் அதற்கு இணையான பொருள் இன்றும் அரிது. உலகத்துச் சவ்வு ஆய்வகங்கள் எல்லாம் அதைத் தேடி ஓடின.

அமெரிக்காவில் ஏர் புராடக்ட்ஸ் நிறுவனம் அதற்கு முன்பே களத்தில் இருந்தது. 1998 முதல் அந்நாட்டு எரிசக்தித் துறையோடு சேர்ந்து, சால்ட் லேக் சிட்டியின் செராமடெக் நிறுவனத்தின் உதவியோடு, தட்டையான செராமிக் வில்லைகளை அடுக்கிச் சவ்வுத் தொகுதிகள் செய்தது. மேரிலாந்தில் நாளுக்கு 5 டன், பிறகு லூசியானாவில் நாளுக்கு 100 டன் என்ற அளவுக்குச் சோதனை நிலையம் கட்டினார்கள். நிலக்கரியை வாயுவாக்கி எரிக்கும் நிலையங்களை மனத்தில் வைத்துச் செய்த பணி அது. இவ்வளவு தூரம் போனவர்கள் வேறு யாரும் இல்லை. ஆனாலும் அது விற்பனைக்கு வரும் ஆலையாக வளரவில்லை.

யூலிக்கும் ஆகனும்

யூலிக்கிலிருந்து அரை மணி நேரப் பயணத்தில் ஆகன் நகரம். 1870இல் தொடங்கிய அதன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2004இல் ஆக்ஸிகோல் என்ற திட்டத்தைத் தொடங்கியது. அரசும் மின் நிறுவனங்களும் எந்திரக் கம்பெனிகளும் கைகோத்தன. அவர்களது எண்ணம் துணிச்சலானது. பாய்லரிலிருந்து திருப்பிவிடும் சூடான புகையைச் செராமிக் வடிகட்டியில் சாம்பல் நீக்கி, அதையே சவ்வின் மறுபக்கம் ஓடவிட வேண்டும். அந்தப் புகை சவ்வு வழியே வரும் ஆக்சிஜனை வாரிக்கொண்டு நேராக அடுப்புக்குப் போக வேண்டும். காற்றை அழுத்தச் செலவான சக்தியில் பெரும்பகுதியை, ஆக்சிஜன் இழந்த காற்று டர்பைனில் விரிந்து திருப்பித் தரும். தாளில் பார்த்தால் அழகான சுற்று. திறன் இழப்பில் சில புள்ளிகளை மீட்கலாம் என்று கணக்குகள் காட்டின.

2007இல் யூலிக் ஒருங்கிணைக்க, ஹெல்ம்ஹோல்ட்ஸ் கூட்டமைப்பின் ஆதரவில் மெம்பிரெய்ன் என்ற கூட்டு ஆராய்ச்சி தொடங்கியது. கீஸ்டாக்ட், பெர்லின் ஆய்வு மையங்கள், ஆகன், கார்ல்ஸ்ரூஹே பல்கலைக்கழகங்கள், நெதர்லாந்தின் ட்வென்ட்டே பல்கலைக்கழகம், பெல்ஜியத்தின் விட்டோ நிறுவனம் எல்லாம் அதில் சேர்ந்தன. கரியமில வாயுவைப் பிரிக்கும் பாலிமர் சவ்வு ஒருவருக்கு, ஹைட்ரஜன் சவ்வு ஒருவருக்கு என்று வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள். செராமிக் ஆக்சிஜன் சவ்வு யூலிக்கின் பங்கு.

அங்கே அந்தச் சவ்வை எப்படிச் செய்தார்கள் என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். சவ்வு மெலிய மெலிய ஆக்சிஜன் வேகமாகப் போகும். ஆனால் மெல்லிய செராமிக் கை பட்டாலே உடையும். ஆகவே மெல்லிய கெட்டிச் சவ்வை, அதே பொருளில் செய்த தடித்த, துளைகள் நிறைந்த ஒரு தாங்கியின் மேல் உட்கார வைத்தார்கள். செராமிக் பொடியைக் கரைப்பானிலும் பசையிலும் குழைத்துத் தோசை மாவுப் பதத்துக்குக் கொண்டுவருவார்கள். நகரும் படலத்தின் மேல் அதை ஊற்றி, கத்திமுனை போன்ற தகட்டால் சீரான கனத்தில் இழுப்பார்கள். முதலில் இழுப்பது சவ்வாகப் போகும் மெல்லிய படலம். அது காய்ந்ததும் அதன் மேலேயே தாங்கிக்கான தடித்த கலவை. இந்தத் தடித்த கலவையில் மக்காச்சோள மாவு கலந்திருக்கும். சுடும்போது மாவு எரிந்து போய், அது இருந்த இடமெல்லாம் துளையாகும். அந்தத் துளைகள் வழியே வாயு தாராளமாக வந்து போகும். இப்படி 70 மைக்ரோமீட்டர் கனமுள்ள சவ்வை 2011இல் வெளியிட்டார்கள். அது ஏறத்தாழ ஒரு தலைமுடியின் கனம். மாவை எரித்துத் துளை செய்யும் உத்தி செராமிக் தொழிலில் பலருக்கும் தெரிந்ததுதான். துளையுள்ள அடுக்கும் துளையற்ற அடுக்கும் ஒரே சூட்டில், ஒரே அளவு சுருங்கி, வளையாமல் வெடிக்காமல் வெளியே வரும்படி செய்ததில்தான் யூலிக் கைகாரர்களின் திறமை இருக்கிறது. அதற்குப் பின்னால் மின்கலச் செராமிக்கில் பட்ட அனுபவம் நிற்கிறது.

புகை வந்து தொட்டபோது

சவ்வு ஆய்வகத்தில் வென்றது. பாய்லர் புகை வந்து தொட்டதும் தடுமாறியது. பி.எஸ்.சி.எஃப்.பில் உள்ள பேரியமும் ஸ்ட்ரான்சியமும் கரியமில வாயுவோடு சேர்ந்து கார்பனேட்டாக மாறும் இயல்பு கொண்டவை. புகையில் கந்தக வாயு கொஞ்சம் இருந்தாலும் நிலைமை இன்னும் மோசம். மேற்பரப்பில் வேற்றுப் படலம் படிந்து ஆக்சிஜன் ஓட்டத்தை அடைத்துவிடும். கரியமில வாயு இல்லாத சுத்தச் சூழலிலும் ஒரு சிக்கல். 850 டிகிரிக்குக் கீழே நெடுநாள் வைத்தால் படிகத்தின் அமைப்பே மெல்ல மாறத் தொடங்கும். சவ்வைச் சூட்டில் வைத்தே ஆக வேண்டும். யூனிட் ட்ரிப் ஆகும் ஒவ்வொரு முறையும் அதற்கு ஒரு கண்டம்.

அடுத்தது விரிவடைதல். இந்தச் செராமிக் சூட்டில் உலோகத்தைவிட அதிகம் நீளும். அரை மீட்டர் நீளக் குழாய் ஒன்றை அறை வெப்பத்திலிருந்து 850 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஏறத்தாழ எட்டு மில்லிமீட்டர் நீளும். இரு முனையையும் பிடித்து வைத்தால் உடைந்துவிடும். அதனால் ஒரு முனை மூடிய குழாய்களைச் செய்து, அந்த முனை தடையின்றி நீள இடம் விட்டார்கள். செராமிக்கை எஃகோடு வாயு கசியாமல் இணைப்பது தனிக் கலை. வெள்ளியும் தாமிர ஆக்சைடும் கலந்த பற்றாசை, காற்றிலேயே உருக்கி ஒட்டும் முறையை ஆகனில் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். நம்மில் வெல்டிங் பிரிவில் இருப்பவர்களுக்கு இந்த வேலையின் அருமை புரியும். டியூப் லீக் என்ற இரண்டு சொற்களுக்கு நாம் எத்தனை இரவுகளைக் கொடுத்திருக்கிறோம்! அங்கே கசிந்தால் ஆக்சிஜனில் நைட்ரஜன் கலந்து, செய்த வேலை முழுவதும் வீண்.

அளவும் ஒரு பெரும் தடை. ஒரு சதுர சென்டிமீட்டர் சவ்வு நிமிடத்துக்கு 2 மில்லிலிட்டர் ஆக்சிஜன் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் 500 மெகாவாட் யூனிட்டுக்குச் சுமார் 2.3 லட்சம் சதுர மீட்டர் சவ்வு வேண்டும். பரப்பி வைத்தால் ஐம்பத்தேழு ஏக்கர். ஓட்டத்தை ஐந்து மடங்காக்கினாலும் பதினோரு ஏக்கருக்கு மேல், வெடிப்பில்லாத செராமிக்.

ஆகன் குழுவினர் இந்த உண்மைகளுக்கு முகம் கொடுத்தார்கள். புகையை நேராகச் சவ்வின் மேல் ஓடவிடும் அழகான சுற்றை விட்டுவிட்டு, மறுபக்கம் வெற்றிடப் பம்பு வைத்து ஆக்சிஜனை உறிஞ்சும் முறைக்கு மாறினார்கள். பம்பு மின்சாரம் தின்னும். மீட்கலாம் என்று நினைத்த புள்ளிகளில் ஒரு பகுதி போகும். ஆனால் சவ்வு பிழைக்கும். யூலிக்கோ வேறு பொருளைத் தேடியது. லாந்தனம் சேர்ந்தவை, டைட்டானியம் சேர்ந்தவை, சீரியம் ஆக்சைடும் இன்னோர் ஆக்சைடும் கலந்த இரட்டைப் பொருள் என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார்கள். கரியமில வாயுவைத் தாங்குபவை ஆக்சிஜனைக் குறைவாகக் கடத்தின. அதிகம் கடத்துபவை தாங்கவில்லை. 2013 முதல் 2017 வரை ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில், யூலிக் தலைமையில் நடந்த கிரீன்-சிசி திட்டம் முழுவதும் இந்த முரணைத் தீர்க்கும் முயற்சிதான்.

யூலிக்கின் வரலாற்றில் நான் மிகவும் போற்றுவது இந்தப் பகுதியை. ஒரு பொருள் உலகச் சாதனை படைத்த கையோடு, அது எந்த வாயுவில், எத்தனை டிகிரியில், எப்படிக் கெடுகிறது என்பதை அவர்களே அளந்து, அவர்களே வெளியிட்டார்கள். கரியமில வாயுவைப் பிரிக்கும் சவ்வுகளை கார்ல்ஸ்ரூஹேயில் ரைன் ஆற்றங்கரை அனல் மின் நிலையத்துக்கே எடுத்துப் போய், நிஜப் புகையில் வைத்துப் பார்த்தார்கள். சிலிண்டரில் வாங்கிய வாயுவில் சோதித்ததோடு நின்றிருந்தால் தெரியவந்திருக்காத குறைகள் அங்கே தெரிந்தன. அறிவியல் நிலையத்துக்கு இதைவிடப் பெரிய நேர்மை கிடையாது.

நிலக்கரி விடைபெற்ற பிறகு

இதற்கிடையில் ஆக்ஸிஃபியூயல் பாய்லர்கள் லிண்டேயின் ஆக்சிஜனிலேயே எரியத் தொடங்கிவிட்டன. கிழக்கு ஜெர்மனியில் வாட்டன்ஃபால் நிறுவனம் ஷ்வார்ட்சே பம்பே என்ற இடத்தில் 30 மெகாவாட் வெப்பத் திறனில் ஒரு சோதனைப் பாய்லரை 2008 செப்டம்பரில் ஓட்டியது. பழுப்பு நிலக்கரி ஆக்சிஜனில் எரிந்தது. கரியமில வாயு பிடிபட்டது. 2011இல் அதில் சுமார் 1,500 டன் லாரியில் போய் கெட்சின் என்ற இடத்தில் நிலத்தடியில் இறங்கியது. ஆஸ்திரேலியாவின் கேலைட் நிலையத்தில் பழைய 30 மெகாவாட் யூனிட் ஒன்றை மாற்றியமைத்து, ஆக்ஸிஃபியூயலில் 10,000 மணி நேரத்துக்கு மேல் ஓட்டினார்கள். பாய்லர் பக்கத்தில் பெரிய தடை எதுவும் இல்லை என்று இவை நிரூபித்தன.

தடை வெளியே இருந்தது. வாயுவைத் தங்கள் ஊருக்கடியில் சேமிப்பதை ஜெர்மன் மக்கள் எதிர்த்தார்கள். சட்டம் தாமதமானது. யென்ஷ்வால்டேயில் கட்டவிருந்த பெரிய நிலையத்தை 2011 டிசம்பரில் வாட்டன்ஃபால் கைவிட்டது. ஷ்வார்ட்சே பம்பே சோதனை நிலையமும் 2014இல் மூடப்பட்டது. 2020இல் ஜெர்மனி நிலக்கரியை 2038க்குள் விடுவதென்று சட்டமே இயற்றியது. ரைன்லாந்துச் சுரங்கங்களுக்கு 2030 என்று 2022இல் கெடு வைத்தார்கள். யூலிக்கைச் சுற்றியிருந்த பழுப்பு நிலக்கரி எந்தச் சவ்வுக்குக் காரணமாக இருந்ததோ, அந்தச் சவ்வு முதிர்வதற்குள் நிலக்கரியே விடைபெறத் தொடங்கிவிட்டது.

ஆராய்ச்சி நின்றுபோகவில்லை. சிமென்ட் சூளைக்கும் கண்ணாடி உலைக்கும் ஆக்சிஜன் தேவை. அதைவிட, சவ்வின் இரு பக்கமும் இரு வேதிவினைகளை ஒரே சமயத்தில் நடத்தும் உலைகளை நோக்கி யூலிக் போயிருக்கிறது. ஒரு பக்கம் நீராவி ஆக்சிஜனை இழந்து ஹைட்ரஜனாகும். அந்த ஆக்சிஜன் மறு பக்கம் வேறொரு வேதிப்பொருளுக்கு உதவும். இன்று அம்மையத்தில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் பணிபுரிகிறார்கள். 2025 செப்டம்பரில் ஐரோப்பாவின் முதல் எக்ஸாஸ்கேல் மீக்கணினியான ஜூபிடர் அங்கேதான் தொடங்கி வைக்கப்பட்டது. சுரங்க வேலை மறையும் வட்டாரத்துக்கு ஹைட்ரஜன் தொழில்நுட்பத்தைக் கொண்டுவரும் பொறுப்பும் அதன் தோளில் ஏறியிருக்கிறது.

நமக்கு இதில் என்ன?

ஜெர்மனி விட்டுவிட்ட கேள்வி நம்மிடம் அப்படியே இருக்கிறது. இந்தியாவின் மின்சாரத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. 2070க்குள் நிகர உமிழ்வைப் பூச்சியமாக்குவோம் என்று 2021இல் கிளாஸ்கோவில் சொல்லியிருக்கிறோம். கரியமில வாயுவைப் பிடித்துப் பயன்படுத்தும் கொள்கை அறிக்கையை 2022 நவம்பரில் நிதி ஆயோக் வெளியிட்டது. சூரிய மின்சாரமும் காற்றாலையும் வளர வேண்டும், வளர்கின்றன. அதற்கிடையில் அண்மையில் கட்டிய சூப்பர் கிரிட்டிகல் யூனிட்கள் இன்னும் பல பத்தாண்டுகள் ஓடத்தான் போகின்றன. அவற்றின் புகையை என்ன செய்வது என்பதற்கு ஆக்சிஜன் ஒரு விடை. அந்த ஆக்சிஜனைக் குறைந்த மின்சாரத்தில் செய்ய, தாங்கும் சவ்வு ஒரு வழி. இப்போதே கோடிகளைக் கொட்டி ஆலை கட்டச் சொல்லவில்லை. இன்றைய நிலையில் கோல்டு பாக்ஸ்தான் நம்பகமானது என்பதே என் கருத்து.

ஆனால் யூலிக்கும் ஆகனும் சவ்வுகளைக் காட்டியது அவர்கள் நாட்டில் எரிந்த நிலக்கரியின் புகைக்கு. நம் நிலக்கரியில் சாம்பல் நூற்றுக்கு முப்பது முதல் நாற்பத்தைந்து பங்கு. அந்தச் சாம்பலும் அதிலுள்ள சிலிக்காவும் சூட்டில் செராமிக்கின் மேல் படிந்து என்ன செய்யும் என்பதை வேறு நாட்டார் நமக்காகச் சோதித்துத் தர மாட்டார்கள். கொல்கத்தாவிலுள்ள மத்திய கண்ணாடி, செராமிக் ஆய்வு நிறுவனம் போன்ற இடங்களில் செராமிக்கில் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் இல்லாதது ஓடிக்கொண்டிருக்கும் பாய்லர். அது நம்மிடம் இருக்கிறது.

ஆகவே அனல் மின் நிலையங்களில் பொறுப்பில் இருக்கும் நம் சங்க உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த ஓவர்ஹாலின்போது, எகானமைசருக்கு முன்னால் புகைக்குழாயில் ஒரு சிறிய இணைப்புக்கு இடம் விடுங்கள். கை நீளச் செராமிக் குழாய் ஒன்றைச் சிறு மின் உலையில் 850 டிகிரியில் வைத்து, அதன் மேல் நிஜப் புகையைச் செலுத்த அது போதும். யூனிட்டின் ஓட்டத்துக்கு இடைஞ்சல் இல்லை. பெரிய செலவும் இல்லை. ஆயிரம் மணி நேரம் ஓடிய பின் அந்தக் குழாயை எடுத்து ஓர் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அதன் மேல் என்ன படிந்தது, எவ்வளவு ஆழம் அரித்தது என்று அவர்கள் அளந்து சொல்வதை நம் சங்கத்தின் அடுத்த மலரில் வெளியிடுவோம்.